கிறிஸ்மஸை ஆசரிக்கணுமா வேண்டாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவம்பர் பொறந்தாலே இந்த ஒரு விஷயத்தைப் பத்தித்தான் அதிகமா கேள்வி வருது. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கேன். கேட்டவங்க சிங்கப்பூர்ல எந்தப் பகுதின்னு மட்டும் போட்டிருக்கேன், பேர் போடல.

பாஸ்டர், இயேசு டிசம்பர் 25-ல பொறந்தார்னு பைபிள்ல எங்கயுமே இல்லையே. அப்புறம் எப்படி அதைப் புனித நாள்னு சொல்றது? (செங்காங்)

இல்லைதான் தங்கச்சி. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்றாங்க, தேதி சொல்லல. மேய்ப்பர்கள் ராத்திரி வெளியில இருந்தாங்கன்னு லூக்கா 2:8 சொல்றதை வெச்சு அது குளிர்காலமா இருக்கவே முடியாதுன்னு சிலர் அடிச்சுப் பேசுவாங்க, அந்த ஒரு வசனத்தை வெச்சு எந்தப் பக்கமும் முடிவு பண்ண முடியாது. கி.பி. 200 வாக்குல அலெக்சாந்திரியா கிளமென்ட்ங்கற கிறிஸ்தவ ஆசிரியர் அவர் காலத்துல ஆளாளுக்குச் சொன்ன தேதிகளை எழுதி வெச்சிருக்கார், மே மாசம் வருது, ஏப்ரல் வருது, டிசம்பர் 25 அதுல இல்ல. ரோம்ல இந்த நாளைக் கொண்டாடினதுக்கு நமக்குக் கிடைக்கிற முதல் சான்று 336-ஐ ஒட்டினது, அதுவும் 354-ல தொகுத்த ஒரு பட்டியல்லதான் இருக்கு. அந்தியோகியாவுல 386-ல ஜான் கிறிசோஸ்தோம்ங்கற போதகர் பிரசங்கம் பண்றப்போ, இந்தப் பண்டிகை நம்ம ஊருக்கு வந்து இன்னும் 10 வருஷம்கூட ஆகலன்னு அவரே சொல்றார். அர்மேனியச் சபை இன்னைக்கும் ஜனவரி 6-லதான் கொண்டாடுது.

அதனால அந்தத் தேதிக்கு எந்தப் பரிசுத்தமும் கிடையாது. நாம நினைச்சுப் பாக்குறது தேதியை இல்ல, யோவான் 1:14 சொல்ற காரியத்தை. வார்த்தையானவர் மாம்சமானார். கடவுளே ஒரு ஏழைப் பொண்ணு வயித்துல பிள்ளையா வந்தார்னு நம்புற கூட்டம், வருஷத்துல ஒரு நாள் வேலையை நிறுத்திட்டு அதை ஒண்ணா உக்காந்து யோசிக்கிறது நியாயம்தானே. ஆசரிக்கணும்னு கட்டளை இல்ல, ஆனா ஆசரிக்கிறது ரொம்ப நல்லதுன்னு நான் முழு மனசோட நம்புறேன். இந்த நாளை விட்டுட்டா மத்த 364 நாள்ல இதைத் தானா நினைப்போம்னு சொல்றவங்க உண்டு, நினைக்கிறவங்களை நான் அதிகம் பாத்ததில்ல.

அது சூரிய சாமியோட திருவிழா, ரோமாபுரிக்காரங்க கிட்டேருந்து திருடினதுன்னு ஊர்லேருந்து சித்தப்பா வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிட்டே இருக்கார். என்ன பதில் சொல்ல? (ஜூரோங் வெஸ்ட்)

சித்தப்பாகிட்ட சண்டை போடாதீங்க, அவர் சொல்றதுல பாதி விஷயம் இருக்கு. அவுரேலியன்ங்கற பேரரசர் 274-ல ரோம்ல சூரியனுக்குக் கோயில் கட்டினது உண்மை. டிசம்பர் 25 வெல்ல முடியாத சூரியனோட பிறந்த நாள்னு குறிப்பு இருக்கறதும் உண்மை. ஆனா அந்தக் குறிப்பு இருக்குறதும் நான் மேல சொன்ன அதே 354 தொகுப்புலதான். அதனால யார் யாரைப் பாத்து எடுத்தாங்கன்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது. ரோமாபுரிக்காரங்களோட சாட்டர்னேலியாங்கற பண்டிகையும் இதுதான்னு சொல்வாங்க, அது டிசம்பர் 17-ல ஆரம்பிச்சு 23-ல முடிஞ்சிடும், 25-ஐத் தொடவே தொடாது.

இன்னொரு விளக்கமும் இருக்கு, அது ஃபார்வர்ட் மெசேஜ்ல வராது. மேற்குப் பக்கத்து சபைகள்ல பலர் இயேசு சிலுவையில மரிச்ச நாள் மார்ச் 25-ன்னு கணக்குப் போட்டாங்க. கர்ப்பத்துல உருவானதும் அதே தேதியிலதான்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு, பழைய காலத்து பிஷப் அகஸ்டின் இதை வெளிப்படையாவே எழுதுறார். மார்ச் 25-லேருந்து ஒன்பது மாசம் எண்ணிப் பாருங்க, எங்க வந்து நிக்குதுன்னு தெரியும். இந்தக் கணக்குலேருந்துதான் தேதி வந்துச்சா, சூரிய விழாவுக்குப் போட்டியா வெச்சாங்களான்னு வரலாறு படிச்சவங்களே இன்னும் ரெண்டு கட்சியாதான் இருக்காங்க. சரி, போட்டியாவே வெச்சாங்கன்னு வைங்க, அப்பவும் சூரியனைப் படைச்சவரைக் கும்பிடத்தானே அந்த நாளை எடுத்தாங்க? உங்க சபையில யாரும் சூரியனைக் கும்பிடல. சித்தப்பாவுக்கு இதை மட்டும் சாந்தமா சொல்லுங்க.

என் ஃபிரெண்டோட சர்ச்ல கிறிஸ்மஸே கிடையாது. நாளும் மாசமும் பாக்கறது தப்புன்னு கலாத்தியர் 4:10 காட்றாங்க. நாங்க பாவம் பண்றோமா? (பிடோக்)

இல்ல. ஆனா அவங்களையும் லேசா நினைக்காதீங்க, அவங்க பக்கம் பெரிய வரலாறு இருக்கு. ஸ்காட்லாந்துல 1640-லயே இதை நிறுத்திட்டாங்க, அங்க கிறிஸ்மஸ் திரும்ப பொது விடுமுறை ஆனது 1958-லதான். இங்கிலாந்துல 1647-ல பியூரிட்டன்கள், அதாவது வேதத்துல இல்லாத சடங்கெல்லாம் வேண்டாம்னவங்க, அவங்க கையில இருந்த பார்லிமென்ட் தடை போட்டுச்சு, கேன்டர்பரியில ஜனங்க கலவரமே பண்ணினாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1659-லேருந்து 1681 வரைக்கும் கொண்டாடினா 5 ஷில்லிங் அபராதம். இவங்க யாரும் இயேசுவை நேசிக்காதவங்க இல்ல. வேதத்துல சொல்லாத ஒண்ணை ஆராதனையில கொண்டு வந்து ஜனங்க மனசாட்சி மேல சுமத்தக்கூடாதுங்கறதுதான் அவங்க பயம், அந்தப் பயம் எனக்கு மதிப்பாதான் படுது. ஆனா அதே சீர்திருத்தக் குடும்பத்துல சுவிட்சர்லாந்து பக்கம் 1566-ல வந்த விசுவாச அறிக்கை, ஆண்டவரோட பிறப்பை சபைகள் நினைவுகூர்றது ரொம்ப நல்லதுன்னு சொல்லுது.

கலாத்தியர்ல பவுல் கண்டிக்கிறது, நாள் பாத்தாத்தான் ரட்சிப்புங்கற எண்ணத்தை. அதே பவுல்தான் ரோமர் 14-ல ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்ணுவான், இன்னொருத்தன் எல்லா நாளையும் ஒரே மாதிரி எண்ணுவான், ரெண்டு பேரும் கர்த்தருக்காகச் செய்யட்டும், ஒருத்தரை ஒருத்தர் தீர்க்க வேண்டாம்னு எழுதுறார். கட்டளை இல்லாத பண்டிகையே கூடாதுன்னா யோவான் 10:22-ஐயும் பாருங்க. இயேசு எருசலேம் தேவாலயத்துல உலாவினது பிரதிஷ்டைப் பண்டிகை சமயத்துல. அது மோசே குடுத்த பட்டியல்ல இல்லாத பண்டிகை, அவர் அதை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லல. உங்க ஃபிரெண்ட் 25-ஆம் தேதி சாதாரணமா இருக்கட்டும், நீங்க ஆராதனைக்குப் போங்க, அடுத்த நாள் சேர்ந்து டீ குடிங்க.

கிறிஸ்மஸ் மரம் விக்கிரகமா? எரேமியா 10 சொல்லுதாமே? (உட்லண்ட்ஸ்)

காட்டுல மரம் வெட்டி, தச்சன் செதுக்கி, வெள்ளி பொன் பூசி, ஆடாம ஆணி அடிச்சுக் கும்பிடுற சிலையைப் பத்தினது அது. உங்க ஹால்ல இருக்குற பிளாஸ்டிக் மரத்தை நீங்க கும்பிடலன்னா விட்டுடுங்க. வைக்கணும்னும் இல்ல.

நான் ஆஸ்பத்திரியில நர்ஸ். இந்த வருஷமும் 25-ஆம் தேதி மார்னிங் ஷிப்ட். புனித நாள்ல வேலை பாக்குறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. (தோ பாயோ)

அம்மா, நோயாளியைப் பாத்துக்குறது அந்த நாளைக் கெடுக்காது. ஓய்வுநாள்லயே சுகமாக்கினவரைத்தான் நாம கும்பிடுறோம். 24 ராத்திரி ஆராதனைக்குப் போயிட்டு, கொஞ்சம் தூங்கி டியூட்டிக்குப் போங்க, அதுவும் முடியலன்னா பிரேக்ல லூக்கா 2-ஐ வாசிச்சு ஜெபம் பண்ணுங்க. நீங்க கத்தோலிக்கரா இருந்தா, கிறிஸ்மஸ் உங்களுக்குக் கடன் திருநாள்தான், அதாவது கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய நாள், ஆனா 24 சாயங்காலப் பூசையே அதுக்குப் போதும், வேலையால எதுக்குமே போக முடியாட்டி அது பாவம் ஆகாது, பங்குச் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சபைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு பஸ் ஓட்டுறவங்க, எம்.ஆர்.டி.யில நிக்கிறவங்க, வார்டுல இருக்குறவங்க நம்ம பெஞ்சுலயும் இருக்காங்க, அவங்க வந்தா சாப்பாடு எடுத்து வைங்க, ஏன் லேட்டுன்னு கேக்காதீங்க.

மாமியார் வீடு இந்து குடும்பம். தீபாவளிக்கு நாங்க போவோம், கிறிஸ்மஸுக்கு அவங்க வருவாங்க. சாப்பாடு, டிவின்னே அந்த நாள் போயிடுது. இது புனித நாளா? (ஈசூன்)

அவங்க வர்றதே அந்த நாளுக்கு அழகுங்க. எல்லா ஜனத்துக்கும் சந்தோஷம்னுதான் தேவதூதன் சொன்னான், லூக்கா 2:10. ஒண்ணு செய்ங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி டிவியை நிறுத்திட்டு, லூக்கா 2-ல முதல் 20 வசனத்தை உங்க பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்க, சில நிமிஷம்தான் ஆகும். ஒரு சின்ன ஜெபம், அவ்ளோதான். சாப்பிட வந்தவங்களை உக்கார வெச்சு பிரசங்கம் பண்றது விருந்தோம்பல் இல்ல. அவங்களா ஏதாவது கேட்டா மனசைத் தொறந்து பேசுங்க. மாட்டுக்கறி வேண்டாம், அன்னைக்குக் கிழமை என்னன்னும் பாத்துக்கோங்க, மாமியார் சைவம் சாப்பிடுற நாளா இருந்தா அவங்களுக்குத் தனிப் பாத்திரத்துல சமைச்சு முதல்ல அவங்களுக்குப் பரிமாறுங்க.

பிள்ளைங்களுக்கு கிறிஸ்மஸ்னா ஆர்ச்சர்ட் ரோடு லைட்டும் சாண்டாவும்தான். அதை நிறுத்தணுமா? (பொங்கோல்)

நிறுத்த வேண்டாம். 1984-லேருந்து நடக்குற லைட்அப் அது, ஊரே போய்ப் பாக்குது, நீங்களும் கூட்டிட்டுப் போங்க. ஆனா அதே வாரத்துல பிள்ளைங்களை சர்ச்சுக்கும் கூட்டிட்டுப் போங்க, கேரல் ரவுண்ட்ஸ் உங்க புளோக் பக்கம் வந்தா அவங்களையும் பாட விடுங்க. சாண்டா யாருன்னு கேட்டா, நாலாம் நூற்றாண்டுல மீராங்கற ஊர்ல இருந்த பிஷப் நிக்கோலாஸைப் பத்திச் சொல்லுங்க, அது இப்ப துருக்கியில இருக்கு. ஏழைங்களுக்கு மறைவா உதவி பண்ணினவர்னு அவரைப் பத்தின கதைகள் சொல்லுது. பிள்ளைங்களுக்கு வாங்குற பரிசுல ஒண்ணைக் குறைச்சுட்டு, உங்க புளோக்ல தனியா இருக்குற ஒரு தாத்தா பாட்டிக்கு என்ன வேணும்னு அவங்களையே போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுங்க.