உடைத்த கல்லுக்குள் இருப்பது என்ன?

பாறை பிளந்தபோது கிடைத்தவை புதைபடிவங்களா (கல்லில் பதிந்த பழைய உயிரிகளா) என்று வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. முதலில் ஒரு முறையீடு: பொருளை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறீர்கள். அது இருந்த பாறையையும் காட்டுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வையுங்கள்.

சுண்ணாம்புக்கல் பலகையைப் பிளந்தேன். உள்ளே கறுப்பாகப் பெரணி படர்ந்திருக்கிறது. எந்தக் காலத்துச் செடி?

செடியே அல்ல. மாங்கனீசு கலந்த நீர் விரிசலுக்குள் கசிந்து, ஆக்சைடாகப் படிந்து, கிளை கிளையாகப் பரவியது. டென்ட்ரைட் என்பார்கள். பெரணி இலை என்றால் நடுநரம்பும் காம்பும் இருக்கும். இது விரிசலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கிறது, பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நானும் இப்படி ஒன்றைப் ‘பெரணி’ என்று சீட்டு ஒட்டிப் பல மாதம் வைத்திருந்தேன்.

இதைச் சிப்பி என்றேன். நண்பர் பிராக்கியோபாட் என்கிறார். யார் சொல்வது சரி?

நண்பர்தான். பிராக்கியோபாட் என்பது சிப்பி போலவே இரண்டு ஓடுகள் கொண்ட, ஆனால் வேறு இனத்துக் கடல் உயிரி. பொதுவாகச் சிப்பியின் இரு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போலிருக்கும். ஆனால் ஒரே ஓட்டை நடுவில் பிரித்தால் இரு பாதிகளும் ஒத்துவராது. பிராக்கியோபாட் நேர் எதிர்: ஒவ்வோர் ஓடும் நடுக்கோட்டின் இருபுறமும் சமம், ஆனால் மேல் ஓடும் கீழ் ஓடும் வேறு வேறு. உங்கள் படத்தில் பெரிய ஓட்டின் மூக்கில் ஒரு துளை தெரிகிறது. உயிரோடிருந்தபோது தரையைப் பற்றிக்கொள்ளும் தண்டு அதன் வழியாகத்தான் வெளியே வந்தது. பாறையில் ஒட்டி வாழும் சில சிப்பிகள் இந்த விதிக்கு அடங்காது என்பதையும் நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

களிப்பாறையில் உருண்டை உருண்டையாகக் கடினமான கற்கள். சுத்தியலால் அடித்தால் சிதறிவிடுகின்றன. என்ன செய்வது?

அடிப்பதை நிறுத்துங்கள். இறந்த உயிரி சேற்றில் அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. அங்கே தாது படிந்து, மேலே குவியும் சேற்றின் பாரம் நசுக்குவதற்கு முன்பே உருண்டையாக இறுகிவிடுகிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து மேசன் க்ரீக்கில் ஏறக்குறைய 31 கோடி ஆண்டுப் பழைய உருண்டைகள் இப்படிக் கிடைக்கின்றன. அங்குள்ள சேகரிப்பாளர்கள் அவற்றை நீரில் ஊறவைத்து உறையவிடுவார்கள், பிறகு உருகவிடுவார்கள். பிளக்கும்வரை திரும்பத் திரும்ப இதையே செய்வார்கள். பனிக்கட்டி விரியும்போது கல் அதன் பலவீனமான தளத்தில் பிளக்கும். உயிரி படுத்திருக்கும் தளம் பெரும்பாலும் அதுதான். பல உருண்டைகள் வெறுமையாகவே இருக்கும், பொறுமை வேண்டும்.

அதே இடத்தில் கிடைத்த ‘டல்லி மான்ஸ்டர்’ என்னும் விலங்கு 1966இல் விவரிக்கப்பட்டது. அதற்கு முதுகெலும்பு உண்டா இல்லையா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஆகவே உங்கள் சீட்டில் ‘தெரியாதது’ என்று எழுத நேர்ந்தால் தயங்காதீர்கள்.

ஆமை ஓடு கிடைத்திருக்கிறது! கட்டம் கட்டமாக இருக்கிறது.

மன்னிக்கவும். களி உருண்டை உள்ளே சுருங்கி வெடித்து, விரிசல்களில் கால்சைட் என்னும் சுண்ணாம்புத் தாது நிரம்பியது. அழகான கல், ஆனால் ஆமை இல்லை.

எலும்பா, கல்லா?

கழுவிவிட்டு நாக்கு நுனியை வையுங்கள். நுண்துளை உள்ள எலும்பு நாக்கில் ஒட்டும். துளைகள் முழுக்கத் தாதுவால் அடைபட்டிருந்தால் ஒட்டாது. அப்போது உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்துப் பஞ்சு போன்ற அமைப்பு தெரிகிறதா என்று தேடுங்கள்.

இறால் உடல் போல இருக்கிறது, தலையைக் காணவில்லை.

அது முழு உடல்தானா என்று முதலில் சந்தேகப்படுங்கள். கனடாவின் பர்ஜெஸ் பாறைகளில் கிடைத்த அனோமலோகாரிஸ் என்னும் பழங்காலக் கடல் விலங்கையும் 1892இல் தலையில்லாத இறால் என்றே விவரித்தார்கள். அந்த வகை விலங்கின் வட்ட வாய் தனியாகக் கிடைத்தபோது, அதை 1911இல் ஜெல்லி மீன் என்றார்கள். ‘இறால்’ உண்மையில் ஒரு பெரிய வேட்டை விலங்கின் இரையைப் பற்றும் முன் உறுப்பு என்று 1985இல் விட்டிங்டன், பிரிக்ஸ் என்னும் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா? கல்லின் மறுபாதியை அங்கேயே எறிந்துவிட்டேன், அதனால் நஷ்டமா?

வினிகர் வேண்டவே வேண்டாம். ஓடு கால்சைட்டாக இருந்தால் அதுவே கரைந்துவிடும். மென்மையான தூரிகையும் ஊசியும் போதும். மறுபாதி பெரிய நஷ்டம்தான். ஒரு பாதியில் உயிரியின் மேடு ஒட்டியிருந்தால் மற்றதில் அதன் அச்சு இருக்கும். கால், உணர்கொம்பு போன்றவை எந்தப் பாதியில் ஒட்டும் என்று சொல்ல முடியாது. மழை வருவதற்குள் போய்த் தேடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள்.