மூலத் தரவு ஏற்றுமதியும் வடிவமைத்த அறிக்கையும்: என்ன வேறுபாடு?

பல மென்பொருள்களில் ‘தரவு ஏற்றுமதி’, ‘அறிக்கை உருவாக்கு’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இரண்டுமே விரிதாளில்தான் திறக்கின்றன என்றால், எதற்காக இரண்டு?

மூலத் தரவு என்பது சேமித்த பதிவுகள் அப்படியே வருவது: ஒரு வரிக்கு ஒரு பதிவு. பெரும்பாலும் சிஎஸ்வி கோப்பாக வரும். அதில் எழுத்துகளும் அவற்றைப் பிரிக்கும் காற்புள்ளிகளும் மட்டுமே உண்டு. நிறமோ தடித்த எழுத்தோ அதில் தங்காது. அறிக்கையில் தலைப்பு, கூட்டுத்தொகை, நிறம் எல்லாம் சேர்ந்திருக்கும்.

காரணம், வாசிப்பவர் வேறு. அறிக்கையை மனிதர் வாசிக்கிறார். மூலத் தரவை இன்னொரு மென்பொருள் வாசிக்கிறது. மனிதக் கண்ணுக்கு உதவும் அலங்காரமே கணக்கிடும்போது இடையூறாகிறது. அங்கங்கே கலங்களை (விரிதாளின் கட்டங்களை) இணைத்த அறிக்கையை வரிசைப்படுத்த முயன்றால் எக்செல் மறுத்துவிடும். இடையில் வரும் துணைக்கூட்டல் வரிகளையும் சேர்த்துக் கூட்டினால் விடை இரட்டிப்பாகும். இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வெட்டாத துணியும் தைத்த சட்டையும் போல எண்ணிக்கொள்ளுங்கள். துணியிலிருந்து எதையும் தைக்கலாம். சட்டையைப் பிரித்து முழுத் துணியாக்க முடியாது. ஆகவே ஐயம் இருந்தால் மூலத் தரவையும் எடுத்து வையுங்கள்.

‘00452’ என்ற எண் ‘452’ ஆகத் தெரிந்தால் ஏற்றுமதி பழுது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கோப்பில் அந்தச் சுழியங்கள் பத்திரமாகவே இருக்கின்றன, திறக்கும்போது எக்செல்தான் அதை எண்ணாகக் கருதி அவற்றை நீக்கிவிடுகிறது.