முட்டி வலி: ஊசி முதலா, பயிற்சி முதலா?

கேள்வி: வயது 57. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். ஆறு மாதமாக வலது முட்டியில் வலி. படி இறங்கும்போதும் நாற்காலியை விட்டு எழும்போதும் அதிகம். பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே பார்த்து, தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்று சொல்லி பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, அக்குபங்சர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யலாம். அக்குபங்சர் ஊசி வலியைக் கொஞ்ச நாளைக்குத் தணிக்கலாம். முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அதை வளர்ப்பது பயிற்சி மட்டுமே. வலி தணிந்திருக்கும் நாள்களில் பயிற்சியைச் செய்துகொண்டால்தான் ஊசிக்குக் கொடுத்த காசுக்குப் பலன்.

தேய்மானம் என்றதும் பலர் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் கெடுதல். தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அதில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. வலி கிளம்புவது பெரும்பாலும் மூட்டுச் சவ்விலிருந்தும் அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும். காலை ஊன்றி எடுக்கும்போது மூட்டுத் திரவம் பஞ்சில் நீர் போல உள்ளே போய் வெளியே வந்து குருத்தெலும்புக்கு ஊட்டம் தருகிறது. உட்கார்ந்தே இருந்தால் ஊட்டமும் குறையும், தசையும் மெலியும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற முட்டி வலிக்காமல் இருப்பதும் உண்டு. படத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

படி இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே முழு எடையையும் பிடித்து நிறுத்த வேண்டும். அது பலவீனமாக இருந்தால் முட்டிச் சில்லுக்கு அடியில் அழுத்தம் ஏறும். பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம்: கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல் முட்டியைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். சில்லுக்கு மேலே, உட்பக்கத் தசை கெட்டிப்படுவதை விரலால் தொட்டுப் பாருங்கள்; கெட்டிப்படாவிட்டால் வேலை நடக்கவில்லை. 10 முறை, தினமும் 3 சுற்று. மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும்.

அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விடும். முட்டி உள்பக்கம் மடங்கினால் இடுப்புத் தசை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தனிப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். எழ முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 8 முதல் 10 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

பயிற்சியில் வலியே வரக்கூடாது என்பதில்லை. பத்துக்கு நான்கு அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் முட்டி வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி ஊசி. சீன மருத்துவம் இந்த வலியை 'பி' (bi) என்று சொல்கிறது: காற்றும் குளிரும் ஈரமும் புகுந்து உடலின் சக்தி, இரத்த ஓட்டத்தை அடைத்துவிட்டன என்பது அதன் கணக்கு. வாதம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகளிலும், சுற்றியுள்ள புள்ளிகளிலும் ஊசி வைத்து 20, 30 நிமிடம் விடுவார்கள். அதில் ஒன்றான 'சூசன்லி'யை நீங்களே தொட்டுப் பார்க்கலாம்: வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் அகலம் கீழே, கணைக்கால் எலும்பின் (முட்டிக்குக் கீழே முன்பக்கம் உள்ள எலும்பின்) முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அழுத்தினால் மந்தமாக வலிக்கும். ஊசி இறங்கும்போதும் கனமான, பரவும் உணர்வு வரலாம். மின்சாரம் போல் சுரீரென்றால் உடனே சொல்லுங்கள்.

இதற்கு ஆதாரம் எவ்வளவு என்பதில் மருத்துவ அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. 2019இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு முட்டித் தேய்மானத்துக்கு அக்குபங்சரை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. 2022இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு வேண்டாம் என்றது. பயிற்சியை இரண்டும் வலியுறுத்துகின்றன. ஆறு முறை ஊசி போட்ட பின்னும் படி இறங்குவதில் மாற்றம் இல்லையென்றால் மேலும் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் வார்ஃபரின் எடுப்பதை முதல் வருகையிலேயே சொல்லுங்கள். ஆழமான ஊசியையும் தோலில் குவளையை ஒட்டி உறிஞ்சவைத்து இரத்தக் கட்டு விழவைக்கும் கப்பிங்கையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஊசியைவிடச் சீன மூலிகைக் கஷாயம்தான் எனக்குக் கவலை. முட்டி வலிக்குப் பெயர்பெற்ற 'து ஹுவோ ஜி ஷெங் தாங்' கலவையில் தாங் குவே வேர் இருக்கிறது. அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவில் கொண்டுவிடக்கூடும். தாங் குவே போட்ட சூப்புக்கும் இதே எச்சரிக்கை. தெரிந்தவர் வாங்கித் தரும் பெயரில்லா மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த வலிமாத்திரைகளைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை பிடித்திருக்கிறது. அப்படி ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டு வந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீன மருத்துவர் பதிவுபெற்றவரா என்பதை சிங்கப்பூரின் பாரம்பரிய சீன மருத்துவர்கள் வாரியத்தின் இணையப் பட்டியலில் பார்த்துவிடலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை: படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். கைத்தடி பிடித்தால் இடது கையில். உடல் பருமன் இருந்தால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் சுமை நான்கு கிலோ குறையும்.

முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.