லூடோ விதித்தாளில் உத்திக் குறிப்புகளும் இருக்கலாமா?

திருகோணமலையில் மருமக்களுக்காகக் கையால் வரைந்த லூடோ பலகையின் விதித்தாளில் உத்திகளையும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், ஆனால் விதிகளுடன் கலக்காமல், தாளின் பின்பக்கத்தில் இரண்டு மூன்று குறிப்புகளாக மட்டும் எழுதுங்கள், ஏனெனில் உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், "முன்னே நிற்கும் காயை வெட்டுவது நல்லது" என்ற அறிவுரையைக் கட்டாய விதியென்று வாசித்துவிட்டு அம்மம்மாவுடனேயே சண்டைக்குப் போனவர்கள் உண்டு (நானும் ஒருவன்).

குறிப்புடன் காரணத்தையும் சேர்த்தால்தான் பிள்ளைகள் அதை நம்புவார்கள். உதாரணமாக, எதிராளியின் காய்க்கு முன்னால் 6 கட்டங்களுக்குள் நிற்கும் உங்கள் காயை அது அடுத்த முறையில் வெட்டும் வாய்ப்பு 6இல் 1. ஆறு விழுந்தால் மறுபடியும் உருட்டலாம் என்ற வழக்கப்படி ஆடினால், 7 முதல் 12 கட்டங்கள் தள்ளி நிற்கும் காய்க்கு அந்த ஆபத்து 36இல் 1 ஆகக் குறைகிறது.