விடை உண்டா என்பதே முதல் கேள்வி: இரண்டாம் பருவ நுண்கணிதம் குறித்துக் கேள்வி பதில்

கணிதத்தையும் புள்ளியியலையும் முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் இரண்டாம் பருவத்தில் படிக்கும் நுண்கணிதத் தாளைப் பற்றி, தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலோரத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. இராமநாதபுரத்தில் இத்தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். ஆயினும் தொகையிடல் முறைகள், முறையற்ற தொகையீடுகள், முடிவிலித் தொடர்கள், இரட்டைத் தொகையீடு, பீட்டா, காமா சார்புகள் ஆகியவற்றை முதலாண்டிலேயே எங்கேனும் சந்திக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு தந்தை): ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவள். இப்போது முதல் உள்தேர்விலேயே பாதிக்கும் குறைவாக வாங்கிவிட்டு, "வாப்பா, எல்லாக் கணக்கும் செய்தேன், எல்லாம் தப்பு என்கிறார்கள்" என்று அழுகிறாள். பாடத்தை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் நன்றாகப் படித்து வந்தவர்களே முதலில் இப்படி விழுகிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஒரு தொகையீடு கொடுக்கப்பட்டால் அதற்கு விடை இருந்தே தீரும். "மதிப்பு காண்க" என்ற சொல்லை நம்பிச் சூத்திரத்தை எடுத்தால் போதும். இந்தத் தாளில் அந்த உத்தரவாதம் கிடையாது.

அண்மையில் நான் திருத்திய ஒரு விடைத்தாளைச் சொல்கிறேன். 1/x² என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிட வேண்டும். அழகான கையெழுத்தில் மூன்றே வரிகள்: தொகையீடு −1/x, மேல் எல்லையைப் பிரதியிட்டால் −1, கீழ் எல்லையைப் பிரதியிட்டால் 1, ஆகவே விடை −2. விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தார். தொகையிடலிலோ கழித்தலிலோ பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 1/x² எப்போதும் நேர்மதிப்பு உடையது. அதன் வளைவரை முழுவதும் x அச்சுக்கு மேலேயே இருக்கும்போது, அதன் கீழ் உள்ள பரப்பு எப்படிக் குறை எண்ணாகும்? இடையில் x = 0 என்ற இடத்தில் அந்தச் சார்புக்கு மதிப்பே இல்லை என்பதை அவர் பார்க்கவில்லை. ஒரு சிறு எண் ε-யிலிருந்து 1 வரை மட்டும் தொகையிட்டால் 1/ε − 1 வருகிறது. ε பூச்சியத்தை நெருங்க நெருங்க அது எல்லையின்றி வளர்கிறது. எனவே அந்தத் தொகையீட்டுக்கு மதிப்பு இல்லை. "மதிப்பு இல்லை" என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண்.

உங்கள் மகளிடம் நான் சொல்வதாக ஒன்று சொல்லுங்கள்: வரையறுத்த தொகையீட்டைக் கண்டதும் எழுதத் தொடங்காமல், எல்லைகளில் முடிவிலி இருக்கிறதா, அவற்றுக்கு இடையே பின்னத்தின் பகுதி எண் எங்கேனும் பூச்சியம் ஆகிறதா என்று பார்க்கட்டும். பள்ளியில் படித்த பெர்னோலி சூத்திரமும் காமா தொகையீடும் வீண்போகவில்லை. அவற்றை எப்போது எடுக்கலாம் என்பதைத்தான் இப்போது கற்கிறாள்.

கேள்வி (பாம்பனிலிருந்து, புள்ளியியல் மாணவர்): நாங்கள் தரவுகளோடு வேலை செய்யப் போகிறவர்கள். தொகையீடு ஒருங்குமா (ஒரு முடிவான மதிப்பை நெருங்குமா) விரியுமா (நெருங்காமல் போகுமா) என்ற ஆராய்ச்சி கணித மாணவர்களுக்குத்தானே?

பதில்: தம்பி, உங்கள் ஊர்க் கலங்கரை விளக்கத்தை வைத்தே பதில் சொல்லலாம். ஒரு விளக்கு நேரான கரையிலிருந்து சரியாக ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்பதாகவும், அது சீராகச் சுழன்று, ஏதோ ஒரு கணத்தில் ஒளிக்கீற்றை வீசுவதாகவும் கொள்ளுங்கள். பூமி உருண்டை என்பதை இந்த ஒரு கணக்குக்கு மறந்துவிடலாம். விளக்குக்கு நேர் எதிரே கரையில் உள்ள புள்ளி பூச்சியம். கீற்று கரையை நோக்கும்போது அதன் கோணம் θ, −π/2 முதல் π/2 வரை எங்கும் சம வாய்ப்போடு இருக்கும்; கரையில் ஒளி படும் இடம் x = tan θ.

இங்கே பிரதியிடல் முறையைப் பயன்படுத்துங்கள். θ-வின் நிகழ்தகவு அடர்த்தி 1/π. dθ என்பது dx/(1+x²). ஆகவே x-இன் அடர்த்திச் சார்பு 1/(π(1+x²)). −முடிவிலி முதல் +முடிவிலி வரை தொகையிட்டால் சரியாக 1 வருகிறது. இதற்குக் கோஷிப் பரவல் என்று பெயர். ஒளி இருபுறமும் ஒரு கிலோமீட்டருக்குள் விழும் நிகழ்தகவு சரியாக 1/2.

இப்போது சராசரியைக் கேளுங்கள். வகுப்பில் பாதிப்பேர், "வளைவரை இருபுறமும் சமச்சீர், ஆகவே பூச்சியம்" என்பார்கள். சராசரிக்கு x/(π(1+x²)) என்பதைத் தொகையிட வேண்டும். வலப்பக்கத்தை மட்டும் 0 முதல் b வரை எடுத்தால், ln(1+b²)-ஐ 2π-ஆல் வகுத்தது கிடைக்கிறது. b வளர வளர அதுவும் எல்லையின்றி வளர்கிறது. இடப்பக்கமும் அப்படியே எதிர்த்திசையில் வளர்கிறது. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்துப் பூச்சியம் என்று எழுத உரிமை கிடையாது; இந்தப் பரவலுக்குச் சராசரியே இல்லை. இது வெறும் தாள் விளையாட்டு அன்று. நூறு கீற்றுகளில் ஆறு அளவில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் விழும். சில, கணக்கிட முடியாத தொலைவுக்குப் போகும். அந்தத் தரவைக் கணினியில் இட்டால் அது தயங்காமல் ஒரு சராசரியைக் கொடுக்கும். மேலும் ஆயிரம் கீற்றுகளைச் சேர்த்தால் வேறொரு சராசரியைக் கொடுக்கும். எத்தனை சேர்த்தாலும் அது ஓரிடத்தில் நிலைகொள்ளாது. அப்போது காரணம் சொல்ல வேண்டியவர் கணித மாணவர் அல்லர், நீங்கள்தான்.

கேள்வி (மண்டபம், கணித மாணவி): 1 + 1/2 + 1/3 + … விரியும் என்று நடத்தினார்கள். கைபேசியில் ஆயிரம் உறுப்புகள் கூட்டிப் பார்த்தேன்; 7.485 வந்தது, அதன்பிறகு நகரவே இல்லை போலிருக்கிறது. உண்மையிலேயே விரியுமா?

பதில்: கூட்டிப் பார்த்தது நல்ல பழக்கம், கூட்டிப் பார்த்ததை நம்பியது பிழை. அந்தத் தொடர் 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனால் 1/3, 1/4 இரண்டும் சேர்ந்து அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்து அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே இருப்பதால் எந்த எண்ணையும் ஒருநாள் தாண்டியே தீரும். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் ஒரேம் தந்த இந்த நிரூபணத்தைவிட எளியதை நான் பார்த்ததில்லை. பகுதிகளை வர்க்கம் ஆக்கி 1 + 1/4 + 1/9 + … என்று கூட்டினால் மட்டும் கதை மாறுகிறது: அது ஒருங்குகிறது, அதன் கூட்டுத்தொகை π²/6, ஏறத்தாழ 1.645 என்று ஆய்லர் கண்டார்.

கேள்வி (தொண்டி, தமிழ்வழியில் படித்தவர்): ஆசிரியர் "சீக்வென்ஸ் கன்வர்ஜ் ஆகும், சீரிஸ் டைவர்ஜ் ஆகும்" என்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: சீக்வென்ஸ் தொடர்முறை, சீரிஸ் தொடர், கன்வர்ஜ் ஒருங்குதல், டைவர்ஜ் விரிதல். ஆனால் தடுமாற்றம் மொழியால் மட்டும் வருவதன்று. ஆங்கிலவழி மாணவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். 1, 1/2, 1/3 என்று வரிசையாக நிற்பது தொடர்முறை. அது பூச்சியத்துக்கு ஒருங்குகிறது. அவற்றையே கூட்டினால் தொடர். மண்டபத்து மாணவிக்குச் சொன்னபடி அது விரிகிறது. உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குவது தொடர் ஒருங்குவதற்குத் தேவையானது, ஆனால் போதுமானது அன்று.

கேள்வி (தங்கச்சிமடம்): வார இறுதிகளில் அப்பாவோடு விசைப்படகில் போகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மொத்தமாகப் படித்துக்கொள்ளலாமா?

பதில்: தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், உங்கள் தேர்வும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். தொகையிடல் கைப்பழக்கம். வார நாள்களில் தினம் மூன்று கணக்கு போதும். ஆனால் விடையைப் பார்க்காமல் போட வேண்டும்.

கேள்வி (ஏர்வாடி): குறைப்புச் சூத்திரங்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. sinⁿx-ஐ 0 முதல் π/2 வரை எடுப்பதற்கான, முந்தையதை (n−1)/n-ஆல் பெருக்கி இரண்டிரண்டாக இறங்கும் அந்த ஒன்றைப் பகுதித் தொகையிடலால் ஒருமுறை நீங்களே வருவியுங்கள். மற்றவை அதன் உறவினர்கள்.

கேள்வி (தேவிபட்டினம், புள்ளியியல் மாணவி): இரட்டைத் தொகையீட்டில் dx dy-ஐ மாற்றும்போது r dr dθ என்று ஒரு r வருகிறது. அது எங்கிருந்து வருகிறது? ஜக்கோபியன் என்ற அணிக்கோவையைப் போட்டால் வருகிறது. ஏன் என்று புரியவில்லை.

பதில்: வீச்சுவலை விரிந்து நீரில் விழும் கணத்தை நினைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை நேராக ஓடும் இரண்டு நூல்கள், நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. ஈயக்குண்டு கட்டிய ஓரத்தில் அவற்றுக்கிடையே ஒரு சாண் இடைவெளி. கோணம் dθ ஒன்றுதான். ஆனால் நடுவிலிருந்து r தூரத்தில் அந்த இடைவெளியின் அகலம் r dθ. அதன் நீளம் dr. ஆகவே அந்தத் துண்டின் பரப்பு r dr dθ. அந்த r-ஐ விட்டுவிட்டால், நடுவிலும் ஓரத்திலும் துண்டுகள் ஒரே அளவு என்று சொன்னதாகிவிடும்.

உங்கள் பாடத்துக்கு இந்த r இன்றியமையாதது. இயல்நிலைப் பரவலுக்கு அடிப்படையான e^(−x²)-க்கு நமக்குத் தெரிந்த சார்புகளால் எழுதக்கூடிய தொகையீடு இல்லை. ஆனால் 0 முதல் முடிவிலி வரையான அதன் தொகையீட்டை I என்று வைத்து, அதையே y-யிலும் எழுதி இரண்டையும் பெருக்கினால், முதல் கால்வட்டப் பகுதி முழுவதும் e^(−r²) r dr dθ ஆகிவிடுகிறது. அந்த r இருப்பதால்தான் r² = t என்று பிரதியிட முடிகிறது; r பகுதியிலிருந்து 1/2, θ பகுதியிலிருந்து π/2, பெருக்கினால் π/4. ஆகவே I = √π/2. இயல்நிலைப் பரவலின் சூத்திரத்தில் √(2π) எங்கிருந்து வந்தது என்று அடுத்த பருவத்தில் யாரேனும் கேட்டால், இந்த வலையை வரைந்து காட்டுங்கள்.