கொத்துப் போட்டிக்குத் தண்ணீர் குடித்துப் பழகும் தம்பி
அக்கா, ஹட்டனில் நடக்கப்போகும் கொத்து ரொட்டி சாப்பிடும் போட்டிக்கு வயிற்றை விரிக்க உங்கள் தம்பி ஒரே தடவையில் 4 லீற்றர் தண்ணீர் குடிக்கிறார், பிறகு தலைவலி, வாந்தி என்கிறீர்கள். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய 1 லீற்றரைத்தான் வெளியேற்றும். மிச்சத் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து மூளையை வீங்கவைக்கும். 2007இல் கலிபோர்னியாவில் தண்ணீர் குடிக்கும் போட்டிக்குப் போன ஒரு தாய் அப்படித்தான் இறந்தார்.

தலைவலி இன்னும் இருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தடுமாற்றமோ வலிப்போ வந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். தோட்டத்து லயத்துக்கு வண்டி ஏறிவர நேரமாகும், பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

அப்புறம் கொத்து. அவசரமாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். புத்தாண்டுப் பணிஸ் சாப்பிடும் போட்டியிலேயே பயந்திருக்கிறேன். பேச்சு வராமல் திணறினால் தண்ணீர் கொடுக்காமல், குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே பலமாக 5 தட்டுத் தட்டுங்கள்.