பார்பரா ஜோர்டன்: எந்த செனட்?

அமெரிக்காவின் கறுப்பின அரசியல்வாதி பார்பரா ஜோர்டன் 1966-லேயே செனட்டர் ஆனவர், 1972-ல் ஏன் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார், பதவி இறக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. அவர் முதலில் இருந்தது டெக்சாஸ் மாநில செனட், அதாவது மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் கூடும் 31 பேர் கொண்ட மேலவை. 1972-ல் ஜெயித்தது வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை. மாநிலத்திலிருந்து தேசிய அரசியலுக்குப் போனார், அவ்வளவுதான். உங்கள் கட்டுரையில் 'மாநில செனட்டர்' என்றே எழுதுங்கள், குழப்பம் தீரும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1959-ல் பாஸ்டனில் சட்டம் முடித்து ஹூஸ்டன் திரும்பியவர், பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். மாநிலக் கீழவைக்கு 1962, 1964 இரண்டு முறையும் தோற்றார். காரணம், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம் போன்றது) முழுவதும் ஒரே தொகுதிபோல வாக்களித்தது. கறுப்பின மக்களின் ஓட்டு அதில் கரைந்துபோனது. நீதிமன்றத் தீர்ப்புகளால் தொகுதிகள் மாற்றி வரையப்பட்ட பிறகுதான் 1966-ல் மாநில செனட்டுக்கு வென்றார். 1883-க்குப் பின் அந்த அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். என்னைக் கேட்டால், கட்டுரையை இந்தத் தொகுதி விவகாரத்தில் தொடங்கலாம். அப்புறம், 1972 ஜூன் 10 அன்று டெக்சாஸின் ஒருநாள் ஆளுநராகவும் இருந்தார், அதையும் சேருங்கள்.